ஐதரசனைச் சேமிக்கும் மகனீசியம்: தாக்கவீதமும் வெப்பமாற்றமும்



நமது வகுப்பின் மாதிரி வினாத்தாள்களைத் திருத்தும்போது ஒரு வசனம் ஒவ்வொரு தொகுதியிலும் என் சிவப்புப் பேனாவில் அகப்படும். "ஊக்கியானது தாக்கத்துக்குத் தேவையான வெப்பத்தைக் குறைக்கும்" என்பதே அது. வாசிக்கும்போது சரிபோலத் தோன்றும். பரீட்சையில் எழுதினால் புள்ளி கிடைக்காது. இவ்விடத்தில் ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். நான் கலைப் பட்டதாரி. விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் கிடைக்காத ஒரு வருடத்தில் இப்பாடத்தை எடுக்கத் தொடங்கி, உங்களைப் போலவே பாடப்புத்தகத்தை முதலாம் பக்கத்திலிருந்து படித்தவன். ஆரம்பத்தில் இதே பிழையான வசனத்தை நானே கரும்பலகையில் எழுதியும் இருக்கிறேன்.

அந்தப் பிழை எங்கே இருக்கிறது என்பது எனக்கு விளங்கியது, மகனீசியத்தில் ஐதரசனைச் சேமிக்கும் முறை பற்றி வாசித்தபோதுதான். அது உங்கள் பாடத்திட்டத்தில் தனி அலகாக இல்லை. ஆயினும் தாக்கவீதம், வெப்பமாற்றம், மின்பகுப்பு, மூல் கணிப்பு ஆகிய நான்கும் அந்த ஒரே உதாரணத்தினுள் அடங்குகின்றன. முன்பின் பார்த்திராத பந்தியொன்றைத் தந்து அதிலிருந்து வினாக் கேட்கும்போது தடுமாறும் மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சியாகவும் அமையும். பேனையும் கணிப்புக்கு ஒரு தாளும் எடுத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஐதரசனைச் சேமிப்பது ஏன் கடினம்?

2022ஆம் ஆண்டில் பெற்றோலுக்காக வரிசையில் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். ஓட்டோக்களும் மோட்டார் சைக்கிள்களும் இரவிரவாக வீதியோரம் நின்றன; அவ்வருடம் யூலையில் எரிபொருளுக்கு கியூஆர் அட்டை வந்தது. எண்ணெயை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாட்டில் டொலர் தீர்ந்தால் வண்டி நின்றுவிடும் என்பதை அன்று எல்லோரும் கண்டோம். வெயிலும் காற்றும் நம்மிடம் உண்டு. அவற்றிலிருந்து பெறும் மின்னைக் கொண்டு நீரை மின்பகுப்புச் செய்தால் ஐதரசன் கிடைக்கும். ஐதரசன் எரிந்தால் விளைவு நீர் மாத்திரமே. ஒரு கிலோகிராம் ஐதரசன் எரியும்போது வெளிவரும் சக்தி, ஒரு கிலோகிராம் பெற்றோல் தருவதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்காகும்.

அப்படியாயின் தடை எது? கணித்துப் பார்ப்போம். ஐதரசனில் ஓடும் கார் ஒன்றுக்கு ஏறத்தாழ 5 கிலோகிராம் ஐதரசன் வேண்டும். ஐதரசன் மூலக்கூறின் சார் மூலக்கூற்றுத் திணிவு 2 ஆகும். எனவே 5000 கிராம் என்பது 2500 மூல். அறை வெப்பநிலையில், சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் ஒரு மூல் வாயு ஏறத்தாழ 24 லீற்றர் கனவளவை எடுக்கும். 2500 ஐ 24 ஆல் பெருக்கினால் 60,000 லீற்றர், அதாவது 60 கன மீற்றர். 5 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் 3 மீற்றர் உயரமும் கொண்ட ஒரு வகுப்பறையின் கனவளவு அது. ஒரு காருக்கு ஒரு வகுப்பறை!

இதைச் சுருக்குவதற்கு மூன்று வழிகள் உள்ளன. வளிமண்டல அமுக்கத்தைப் போல் 700 மடங்கு அமுக்கத்தில் வலுவான தாங்கியினுள் அடைக்கலாம். இன்று விற்பனையிலுள்ள ஐதரசன் கார்கள் இவ்வழியையே பின்பற்றுகின்றன. மறை 253 பாகை செல்சியசு வரை குளிரச் செய்து திரவமாக்கலாம். மூன்றாவது வழி, ஓர் உலோகத்துடன் தாக்கமுறச் செய்து திண்மச் சேர்வையாக வைத்திருத்தல். நாம் பார்க்கப்போவது இந்த மூன்றாவது வழியையே.

ஒரு வரிச் சமன்பாடு

மகனீசியம் + ஐதரசன் → மகனீசியம் ஐதரைட்டு

மகனீசியத்தின் ஓர் அணு ஐதரசனின் ஒரு மூலக்கூறுடன், அதாவது இரண்டு ஐதரசன் அணுக்களுடன் சேர்கிறது. இத்தாக்கம் மீளும் இயல்புடையது. சூடாக்கினால் சேர்வை பிரிந்து ஐதரசன் வாயு வெளிவரும். எஞ்சும் மகனீசியத்துக்கு மீண்டும் ஐதரசனைக் கொடுக்கலாம்.

மகனீசியத்தின் சார் அணுத்திணிவு 24, ஐதரசனின் சார் அணுத்திணிவு 1 எனக் கொண்டால், ஐதரைட்டின் சார் திணிவு 24 + 2 = 26. அதில் ஐதரசனின் திணிவு வீதம் 2 ஐ 26 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்க வருவது, அதாவது 7.7 வீதம். எனவே 1 கிலோகிராம் ஐதரசனை வைத்திருக்க 13 கிலோகிராம் ஐதரைட்டும், 5 கிலோகிராமுக்கு 65 கிலோகிராமும் வேண்டும். இதன் அடர்த்தி ஒரு லீற்றருக்கு 1.45 கிலோகிராம் ஆகையால் 65 கிலோகிராமின் கனவளவு 45 லீற்றர். வகுப்பறை, ஒன்றரைச் சமையல் எரிவாயுச் சிலிண்டர் அளவாகச் சுருங்கிவிட்டது. தூளாக இருக்கும்போது இடைவெளிகள் இருப்பதால் இடம் இன்னும் கொஞ்சம் தேவைப்படும்.

ஒரு வியப்பான ஒப்பீட்டையும் கவனியுங்கள். திரவ ஐதரசன் ஒரு லீற்றரில் உள்ள ஐதரசன் 71 கிராம். மகனீசியம் ஐதரைட்டு ஒரு லீற்றரில் உள்ள ஐதரசன் 110 கிராம். திரவத்திலும் பார்க்க இந்தத் திண்மத்தில் ஐதரசன் அணுக்கள் நெருக்கமாக அமர்ந்திருக்கின்றன, அதுவும் குளிரூட்டலோ உயர் அமுக்கமோ இன்றி.

மகனீசியம் எங்கிருந்து வருகிறது?

அக்கரைப்பற்றுக் கடற்கரையில் நின்றால் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. கடல் நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 1.3 கிராம் மகனீசியம் அயன்களாகக் கரைந்துள்ளது. உப்பளத்தில் உப்பு விளைந்த பின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரில் இது மேலும் செறிவடைகிறது. கடல் நீருடன் சுண்ணாம்பைச் சேர்த்தால் மகனீசியம் ஐதரொட்சைட்டு வெண்ணிற வீழ்படிவாகப் படியும். அதை ஐதரோக்குளோரிக்கமிலத்துடன் தாக்கமுறச் செய்து மகனீசியம் குளோரைட்டாக மாற்றி, உலர்த்தி உருக்கி மின்பகுப்புச் செய்ய, கதோட்டில் மகனீசியமும் அனோட்டில் குளோரீன் வாயுவும் கிடைக்கும். சோடியம் பிரித்தெடுக்கும் முறையை நீங்கள் படித்திருக்கிறீர்கள், தத்துவம் அதுவேதான். தமிழ்நாட்டின் காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்னிரசாயன ஆராய்ச்சி நிறுவகம் இந்த மின்பகுப்பு முறையை மேம்படுத்துவதில் நீண்டகாலம் ஈடுபட்டது. பாறைகளிலிருந்தும் பெறலாம். சேலத்தின் வெள்ளைக் குன்றுகளில் உள்ள மகனீசைற்றும் நமது மலைநாட்டு டொலமைற்றும் மகனீசியம் அடங்கிய கனியங்களே.

13 கிலோகிராம் ஐதரைட்டில் மகனீசியம் 12 கிலோகிராம். அதற்கு எத்தனை லீற்றர் கடல் நீர் வேண்டும்? 12,000 ஐ 1.3 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 9,200 லீற்றர். ஒன்றிரண்டு தண்ணீர்ப் பவுசர் அளவு என வைத்துக்கொள்ளுங்கள்.

உலோகத்தை ஐதரசனில் வைத்தால் என்ன நடக்கும்?

ஒன்றும் நடக்காது. மகனீசியக் கட்டியொன்றை ஐதரசன் நிரம்பிய பாத்திரத்தில் அறை வெப்பநிலையில் வைத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தாலும் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியாது. சமன்பாடு ஒரு வரிதான். உலோகத்தைத் தயார்படுத்துவதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது.

காரணத்தை அறிய மகனீசியம் நாடாவை எடுத்துக்கொள்வோம். நம் ரியூசன் கொட்டிலில் ஆய்வுகூடம் இல்லை. ஒரு முறை சிறு துண்டு நாடா கிடைத்து, முன்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் அவசரத்தில் அதைத் தேய்க்காமலே சுவாலையில் பிடித்தான். கறுத்து வளைந்ததே தவிர உடனே பற்றவில்லை. அடுத்த துண்டை அரத்தாளால் பளபளக்கத் தேய்த்துப் பிடித்தபோது உடனே கண்ணைப் பறிக்கும் வெண்சுவாலை. (அந்தச் சுவாலையை நேராகப் பார்க்கக் கூடாது.) தேய்க்காத நாடாவின் மேல் இருந்த மங்கல் நிறப் படை மகனீசியம் ஒட்சைட்டாகும். காற்றில் வைத்த மகனீசியம் எல்லாம் இந்தப் போர்வையைப் போர்த்தியே இருக்கும். ஐதரசன் உள்ளே செல்வதற்கு முதலாவது தடை இது.

இரண்டாவது தடை ஐதரசன் மூலக்கூறிலேயே உள்ளது. ஐதரைட்டு உருவாக வேண்டுமாயின் மூலக்கூறு பிரிந்து தனி அணுக்களாக வேண்டும். அப்பிணைப்பை உடைக்க ஒரு மூலுக்கு 436 கிலோயூல் வேண்டும். நிக்கல் போன்ற உலோகங்களின் மேற்பரப்பு இப்பிணைப்பை இலகுவாகப் பிரித்துவிடும். மகனீசியத்தின் மேற்பரப்புக்கு அத்திறமை குறைவு.

இரண்டையும் தாண்டித் தாக்கம் தொடங்கினாலும் மூன்றாவது தடை எழும். கட்டியின் வெளிப்புறம் முதலில் ஐதரைட்டாகும். அந்த ஐதரைட்டுப் படையினூடாக ஐதரசன் அணுக்கள் மிக மெதுவாகவே நகரும். வெளியே கதவைச் சாத்திவிட்டது போல உள்ளிருக்கும் மகனீசியம் அப்படியே தாக்கமுறாமல் இருந்துவிடும்.

1951ஆம் ஆண்டில் ஜேர்மனியின் வைபேர்க் என்பவரும் சகாக்களும் மகனீசியத்தையும் ஐதரசனையும் நேரடியாகச் சேர்த்து ஐதரைட்டைத் தயாரித்தனர். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது 570 பாகை செல்சியசு வெப்பநிலை, 200 வளிமண்டல அமுக்கம், போதாததற்கு ஊக்கியாக மகனீசியம் அயடைட்டு. அதற்குப் பின்வந்த எழுபது வருட ஆராய்ச்சியின் பெரும்பகுதி, இக்கடுமையான நிபந்தனைகளைக் குறைப்பதற்காகவே நடந்தது எனலாம்.

அரைத்தல்

தாக்கவீதத்தைப் பாதிக்கும் காரணிகளில் தாக்கிகளின் பௌதிகத் தன்மையும் ஒன்று என்பதைப் படித்திருக்கிறீர்கள். கட்டியிலும் பார்க்கத் தூள் விரைவாகத் தாக்கமுறும். எவ்வளவு விரைவு என்பதற்கு ஓர் எண் வேண்டும் அல்லவா? 1 சென்ரிமீற்றர் பக்கமுள்ள ஒரு சதுரமுகியின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதை 1 மில்லிமீற்றர் பக்கமுள்ள 1000 சிறு சதுரமுகிகளாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 60 சதுர சென்ரிமீற்றர். பக்கம் பத்தில் ஒன்றானால் மேற்பரப்பு பத்து மடங்காகிறது. இப்படியே 10 நனோமீற்றர் வரை, அதாவது பக்கம் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும் வரை வெட்டினால் 60 இலட்சம் சதுர சென்ரிமீற்றர். அது 600 சதுர மீற்றர்! விரலில் பிடிக்கும் ஒரு கட்டிக்குள் வீட்டு வளவொன்றின் பரப்பு ஒளிந்திருக்கிறது.

இவ்வளவு நுண்மையாக எவ்வாறு அரைப்பது? மூடிய உருக்குப் பாத்திரத்தினுள் தூளையும் உருக்குக் குண்டுகளையும் இட்டு மிக வேகமாகச் சுழற்றுவார்கள். குண்டுகள் ஒன்றோடொன்று மோதும் இடத்தில் அகப்படும் தூள் நசுங்கும், உடையும், மறுபடி ஒட்டும், மறுபடி உடையும். இது மணிக்கணக்கில் நடக்கும். நமது ஊர் மில்லில் மிளகாய் அரைப்பது போலத்தான், ஆனால் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. மகனீசியம் மென்மையான உலோகம். தனியே அரைத்தால் ரொட்டி மா கையில் ஒட்டுவது போலக் குண்டுகளிலும் சுவரிலும் அப்பிக்கொள்ளும். ஐதரைட்டோ நொறுங்கும் இயல்புடையது. எனவே பெரும்பாலும் உலோகத்தை அரைக்காமல், ஏற்கெனவே தயாரித்த ஐதரைட்டை அரைப்பார்கள். பச்சை மாவை அரைக்க முடியாது, காய்ந்த ரொட்டியை நொறுக்கலாம் என்பதை வீட்டில் எல்லோரும் அறிவார்கள்.

அரைத்த தூளின் ஒவ்வொரு துணிக்கையும் தனிப் பளிங்கு என எண்ண வேண்டாம். ஒரு துணிக்கைக்குள் பல நுண்பளிங்குகள் ஒட்டி நிற்கும். அவற்றின் இடையிலுள்ள எல்லைகள், ஐதரசன் அணுக்கள் உள்ளே போய்வரும் ஒழுங்கைகளாகப் பயன்படுகின்றன. மூன்றாவது தடை இவ்வாறு தளர்கிறது. மோதல்களில் ஒட்சைட்டுப் போர்வை கிழிந்து புதிய உலோக மேற்பரப்பு வெளிப்படுவதால் முதலாவது தடையும் குறைகிறது.

இவ்வேலையைத் திறந்த காற்றில் செய்ய முடியாது. இத்தகைய நுண்தூள் காற்றுப் பட்டவுடனே தீப்பற்றக்கூடும். நீர் பட்டால் ஐதரசன் வெளிவரும். மகனீசியம் எரியும்போது நீரோ காபனீரொட்சைட்டு அணைப்பானோ உதவாது. காபனீரொட்சைட்டினுள்ளும் அது தொடர்ந்து எரியும். ஆகவே ஆகன் வாயு நிரப்பிய பெட்டிக்குள் கையுறை வழியாகக் கைவிட்டு வேலை செய்வார்கள். "விலை குறைந்த நைதரசனைப் பயன்படுத்தினால் என்ன?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. சூடான மகனீசியம் நைதரசனுடனும் சேர்ந்து மகனீசியம் நைத்திரைட்டைக் கொடுக்கும். ஆகன் சடத்துவ வாயு ஆகையால் சேராது. வீட்டில் எவரும் இதைப் பரீட்சித்துப் பார்க்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என நினைக்கிறேன். ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

ஊக்கி சேர்த்தல்

எஞ்சியது இரண்டாவது தடை, ஐதரசன் மூலக்கூறைப் பிரித்தல். அரைக்கும்போதே நூற்றுக்குச் சில வீதம் டைட்டேனியம், வனேடியம், நயோபியம், நிக்கல் ஆகியவற்றில் ஒன்றை அல்லது அவற்றின் ஒட்சைட்டைச் சேர்ப்பார்கள். 1999இல் கனடாவின் கியூபெக் ஆய்வாளர்கள் இத்தகைய உலோகங்களைச் சேர்த்து ஒப்பிட்டனர். 2003இல் ஜேர்மனியின் கீஸ்தாக்ற் நகரில் நயோபியம் ஒட்சைட்டு மிகச் சிறிதளவு சேர்த்த ஐதரைட்டு, 300 பாகையில் சில நிமிடங்களுக்குள் தன் ஐதரசனை வெளிவிட்டது. ஊக்கியில்லாத சாதாரண ஐதரைட்டுக்கு அவ்வெப்பநிலையில் மணிக்கணக்கு எடுக்கும்.

டைட்டேனியம் என்றதும் நமது கிழக்குக் கரையை நினைத்துக்கொள்ளுங்கள். திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டையில் கடற்கரையின் கறுப்பு மணல் இல்மனைற்று ஆகும். அது இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம். டைட்டேனியம் ஈரொட்சைட்டு, மகனீசியம் ஐதரைட்டுக்கு ஊக்கியாகப் பரிசோதிக்கப்பட்ட பொருள்களில் ஒன்று. கடல் நீரில் மகனீசியமும் கரை மணலில் டைட்டேனியமும் உள்ள கரையில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறோம்.

இப்போது அந்தப் பிழையான வசனத்துக்கு வருவோம்

வகுப்பில் இவ்விடம் வரும்போது யாராவது ஒருவர் கேட்பார்: "சேர், ஊக்கி போட்டா அவ்வளவு சூடாக்கத் தேவல்லத்தானே?"

ஒரு மூல் ஐதரசன் மகனீசியத்துடன் சேரும்போது ஏறத்தாழ 75 கிலோயூல் வெப்பம் வெளிவரும். ஆகவே இது புறவெப்பத் தாக்கம். அதே ஒரு மூல் ஐதரசனை வெளியே எடுக்க அதே 75 கிலோயூலைக் கொடுத்தாக வேண்டும். அது அகவெப்பத் தாக்கம். இந்த 75, தொடக்கத்தில் இருந்த பொருள்களுக்கும் முடிவில் இருக்கும் பொருள்களுக்கும் இடையிலான சக்தி வித்தியாசம். ஊக்கி தாக்கத்தின் முடிவில் இரசாயன ரீதியாக மாறாமல் எஞ்சுகிறது. எனவே தொடக்கத்தையும் முடிவையும் அதனால் மாற்ற இயலாது. அது மாற்றுவது இடையிலுள்ள பாதையை.

அக்கரைப்பற்றிலிருந்து கண்டிக்குப் போகிறீர்கள். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவு ஏறினால் பஸ் கண்டியிலும் உயரமான மேடுகளில் ஏறி, பின் இறங்கியே நகரை அடையும். நாளை தாழ்ந்த கணவாய் வழியாகப் புதிய வீதியொன்று போட்டால் ஏற வேண்டிய உச்சி குறையும், பயணம் விரைவாகும். ஆனால் கண்டி 500 மீற்றரிலேயே இருக்கும். வழியிலுள்ள உச்சிதான் ஏவற்சக்தி. ஊக்கி தாழ்த்துவது அதையே. கண்டியின் உயரம்தான் 75 கிலோயூல்.

"அப்படியானால் ஊக்கி சேர்த்தபின் குறைந்த வெப்பநிலையில் ஐதரசன் வந்ததே, அது எப்படி?" என்று கெட்டிக்கார மாணவர் விடமாட்டார். ஊக்கியில்லாமல் 300 பாகையில் தாக்கம் மிக மெதுவாக நடந்ததால் வேகத்துக்காக 400 பாகை வரை சூடாக்க வேண்டியிருந்தது. ஊக்கி வேகத்தைக் கூட்டியதால் 300 பாகையே போதுமாயிற்று. வெப்பநிலை வேறு, வெப்பத்தின் அளவு வேறு. மேலும் இதற்கு ஓர் எல்லையும் உண்டு. சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் ஏறத்தாழ 280 பாகைக்குக் கீழே மகனீசியம் ஐதரசனை வெளிவிடுவதிலும் பார்க்கப் பிடித்துக்கொள்ளவே முனையும். எந்த ஊக்கியாலும் இந்த எல்லையைக் கீழே இறக்க முடியாது.

75 கிலோயூல் சிறிய தொகையா? ஒரு மூல் ஐதரசன் எரிந்தால் கிடைப்பது 286 கிலோயூல். ஆக, கிடைக்கும் சக்தியில் கால் பங்குக்குச் சமமான வெப்பத்தை வெளியே எடுப்பதற்கே செலவிட வேண்டும். நிரப்பும்போது மறுபக்கச் சிக்கல். 1 கிலோகிராம் ஐதரசன் என்பது 500 மூல். நிரப்பும்போது வெளிவரும் வெப்பம் 500 ஐ 75 ஆல் பெருக்க 37,500 கிலோயூல். 1 கிலோகிராம் நீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர 4.2 ஐ 70 ஆல் பெருக்க 294 கிலோயூல் வேண்டும். வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 127 கிலோகிராம் நீர். கலியாண வீட்டுப் பெரிய கிடாரங்களைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. அதை அகற்றாவிட்டால் தாங்கி சூடேறி, தாக்கம் பாதியில் நின்றுவிடும்.

அதனால்தான் தூளை அரைத்து ஊக்கி சேர்த்ததோடு தயாரிப்பு முடிவதில்லை. தூள் வெப்பத்தை நன்கு கடத்தாது. பிரான்சின் கிரெனோபிள் ஆய்வாளர்கள் ஐதரைட்டுத் தூளுடன் விரித்த காரீயத்தைச் சேர்த்து அழுத்தி வட்டத் தட்டுகளாக்கினர். காரீயம் வெப்பத்தைக் கடத்திச் சுவருக்குக் கொண்டுசெல்லும். நமது போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் எடுக்கப்படும் காரீயம் தூய்மைக்குப் பெயர்பெற்றது என்பதையும் அறிவீர்கள். உலோக ஐதரைட்டுத் தாங்கிகளில் வெப்பத்தை எவ்வாறு ஏற்றி இறக்குவது என்பது பற்றிச் சென்னை ஐ.ஐ.டி.யின் இயந்திரப் பொறியியல் துறையில் பேராசிரியர் சீனிவாச மூர்த்தியும் குழுவினரும் பல வருடங்கள் ஆராய்ந்திருக்கின்றனர்.

75ஐயே குறைக்க வழி இல்லையா?

உண்டு, ஆனால் அதற்குச் சேர்வையையே மாற்ற வேண்டும். 1968இல் அமெரிக்காவின் புறூக்கேவன் ஆய்வுகூடத்தில் றைலி, விஸ்வோல் ஆகிய இருவரும் இரண்டு பங்கு மகனீசிய அணுக்களுக்கு ஒரு பங்கு நிக்கல் அணு என்ற விகிதத்தில் உருக்கிய கலப்புலோகத்தில் ஐதரசனை ஏற்றினர். இது நான்கு ஐதரசன் அணுக்களை ஏற்கும். இங்கே நிக்கல் ஊக்கியல்ல. விளைவின் ஓர் அங்கம். எனவே சக்தி வித்தியாசமும் மாறி, ஒரு மூலுக்கு ஏறத்தாழ 64 கிலோயூலாகக் குறைகிறது. விலை என்ன? நிக்கலின் சார் அணுத்திணிவு 59 எனக் கொண்டால் மொத்தம் 48 + 59 + 4 = 111. ஐதரசனின் வீதம் 4 ஐ 111 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்க, 3.6. மகனீசியம் மாத்திரம் இருந்தபோது கிடைத்த 7.7இல் பாதிக்கும் குறைவு.

இப்பாடத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அடுத்து வருவது. காசியிலுள்ள பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஓ. என். ஸ்ரீவாஸ்தவா (2021இல் காலமானார்) மகனீசியம் ஐதரைட்டையும் அதன் ஊக்கிகளையும் பல வருடங்கள் ஆராய்ந்தவர். அவரது குழு ஐதரசனில் ஓடும் மோட்டார் சைக்கிள்களையும் முச்சக்கர வண்டிகளையும் ஓட்டிக் காட்டியது. அந்த வண்டிகளின் தாங்கியில் அவர்கள் இட்டது மகனீசியத்தை அல்ல. அருமண் உலோகங்களும் நிக்கலும் சேர்ந்த கலப்புலோகம் ஒன்றை இட்டார்கள். அது தாங்கும் ஐதரசன் ஏறத்தாழ ஒன்றரை வீதமே. 1 கிலோகிராம் ஐதரசனுக்கு மகனீசியம் ஐதரைட்டு 13 கிலோகிராம் போதும். இதுவோ 67 கிலோகிராம் வேண்டும். ஐந்து மடங்கு பாரத்தை ஏன் சுமந்தார்கள்? அக்கலப்புலோகம் எஞ்சினின் கழிவு வெப்பத்திலேயே ஐதரசனை விட்டுவிடும். ஓட்டோவின் ஆசனத்துக்கு அடியில் 300 பாகைத் தாங்கியை வைத்துக்கொண்டு பயணிகளை ஏற்ற முடியுமா?

ஆகவே மகனீசியத்துக்குப் பொருத்தமான இடம், எடையும் வெப்பமும் பெரிய பிரச்சினையாகாத பெரிய தாங்கிகள். 2023இல் சீனாவின் சாங்காயில் 40 அடிக் கொள்கலன் அளவான வண்டியொன்றில் மகனீசியக் கலப்புலோகத்தில் ஒரு தொன் ஐதரசனைச் சேமித்துக் காட்டினார்கள். ஒரு தொன் ஐதரசனுக்கு ஆகக் குறைந்தது எத்தனை தொன் ஐதரைட்டு வேண்டும் என்பதை இப்போது நீங்களே சொல்வீர்கள்.

மாதிரி வினா

மாணவர் ஒருவர் மகனீசியம் ஐதரைட்டை இரண்டு சம பங்குகளாக எடுத்தார். முதற் பங்கை அப்படியே வைத்தார். இரண்டாம் பங்குடன் சிறிதளவு நயோபியம் ஒட்சைட்டைச் சேர்த்து ஆகன் வாயுவில் அரைத்தார். இரண்டையும் 300 பாகைக்குச் சூடாக்கினார்.

(அ) எப்பங்கிலிருந்து ஐதரசன் விரைவாக வெளிவரும்? இரு காரணங்கள் தருக.
விடை: இரண்டாம் பங்கு. தாக்கமுறும் மேற்பரப்பு அதிகரித்துள்ளது. ஊக்கி ஏவற்சக்தியைக் குறைத்துள்ளது. "தூளாக இருப்பதால்" என்று மாத்திரம் எழுதினால் போதாது. மேற்பரப்பு என்ற சொல் விடையில் வர வேண்டும்.

(ஆ) ஆகன் பயன்படுத்தப்பட்டது ஏன்?
விடை: ஆகன் சடத்துவ வாயு, தூள் ஒட்சிசனுடனும் நீராவியுடனும் தாக்கமுறுவதை அது தடுக்கிறது.

(இ) ஒவ்வொரு பங்கும் 52 கிராம் எனின், தாக்கம் முடிவுற்றதும் ஒவ்வொன்றிலிருந்தும் கிடைக்கும் ஐதரசனின் திணிவு யாது? (ஊக்கியின் திணிவைப் புறக்கணிக்க.)
விடை: 52 கிராம் என்பது 2 மூல் ஐதரைட்டு, அது 2 மூல் ஐதரசனைத் தரும். எனவே இரண்டிலும் 4 கிராம். ஊக்கி சேர்த்த பங்கில் அதிகம் வரும் என எழுதுவோர் பலர். விரைவாக வரும், அவ்வளவுதான்.

(ஈ) இரு பங்குகளும் உறிஞ்சிய வெப்பத்தின் அளவுகளை ஒப்பிடுக.
விடை: சமமானவை. ஒவ்வொன்றும் 2 ஐ 75 ஆல் பெருக்க 150 கிலோயூல். ஊக்கி ஏவற்சக்தியை மாற்றும். தாக்கத்தின் வெப்ப மாற்றத்தை மாற்றாது.